இலுக்கும் தென்னையும்

நீர்கொழும்பைக் கடந்து வடக்கு நோக்கிப் புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையிலே பயணஞ் செய்வோர், வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என்னும் ஊர்களைத் தாண்டும் வரையில் இருமருங்கும் தென்னையையே காண்பர். மேற்கே கடல், கிழக்கே தோப்பு. குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவான இந்நிலப்பரப்பினைத் தென்னை முக்கோணம் என்று அழைப்பது வழக்கம். இலங்கையிலே ஆண்டொன்றுக்குப் பறிக்கப்படும் ஏறத்தாழ 250 கோடி முதல் 300 கோடி வரையான தேங்காய்களிற் பெரும்பகுதி இங்கிருந்தே வருகின்றது.

சாலையில் விரைந்து செல்பவன் தலையை நிமிர்த்தி மரத்தின் உச்சியைப் பார்க்கின்றான். காணிக்கு உரியவனோ தலையைக் குனிந்து மரத்தின் அடியைப் பார்க்கின்றான். அவனுடைய கவலை அங்கே இருக்கின்றது. கவனிப்பாரற்று விடப்பட்ட காணிகளிலே, இடுப்பளவு உயரத்துக்கு வளர்ந்து, கையை வைத்தால் கீறிவிடும் கூரிய விளிம்புடைய இலைகளோடு, பருவம் வந்தவுடன் வெள்ளிப் பஞ்சு போலப் பூக்கும் ஒரு புல்லைக் காணலாம். அதுவே இலுக்கு. பார்வைக்கு அழகான புல். காற்றிலே அதன் வெண்பூ அலையலையாக அசையும்போது அதனைப் பகையென்று சொல்ல மனம் வராது. ஆனால் இக்கரையோரத்துத் தென்னைச் செய்கையாளர் இதனோடு பல தலைமுறைகளாகப் போராடி வந்திருக்கின்றனர். கத்தி, மண்வெட்டி, தீ, கால்நடை, கொடி, நஞ்சு என்று மனிதன் கைக்கொண்ட ஒவ்வொரு கருவியும் இப்புல்லின் முன் ஒருமுறையேனும் தோற்றிருக்கின்றது.

இலுக்கு என்பது சிங்கள வழக்கிலிருந்து இங்குள்ள தமிழருக்கும் பொதுவாகிய பெயர். தாவரவியலார் இதனை இம்பெராட்டா சிலிண்டிரிக்கா என்பர். தமிழ்நாட்டிலே பல இடங்களில் தர்ப்பை என்று வழங்குவது இப்புல்லையே. பிற இடங்களில் வேறொரு புல்லும் அப்பெயரைப் பெறும். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் இதனை லாலாங் என்று அறிந்தனர். இந்தோனேசியாவில் அலாங்-அலாங், பிலிப்பைன் தீவுகளில் கோகோன். ஒரே புல்லுக்கு இத்தனை நாடுகளிலும் வீட்டுப் பெயர் இருப்பதே அது எத்துணை நெருங்கிய பகை என்பதைக் காட்டும். ஆசியாவிலே இப்புல் மூடிக்கிடக்கும் நிலம் மூன்றரைக் கோடி ஹெக்டேயர் வரையிலிருக்கும் என 1997ஆம் ஆண்டில் ஆய்வாளர் மதிப்பிட்டனர். உலகின் மிகக் கொடிய பத்துக் களைகளைத் தெரிந்தெடுத்தபோது அவற்றுள் ஒன்றாக இதுவும் வைக்கப்பட்டது.

இது வெளிநாட்டிலிருந்து வந்து புகுந்த பூண்டு அன்று. இம்மண்ணுக்கு உரியதே. ஆயின் சொந்த மண்ணிலே இது படையெடுத்தது எவ்வாறு? அதற்கு விடை, தென்னைத் தோட்டங்களின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

ஒல்லாந்தர் காலத்தில் இக்கரையோரம் கறுவாவுக்கும் உப்புக்கும் பெயர் பெற்றிருந்தது. பண்டங்களை ஏற்றிச் செல்லும் பாதைகள், கடற்கரைக்கு இணையாக வெட்டப்பட்ட கால்வாய்களும் அவற்றோடு தொடுத்த களப்புகளுமே. ஊர்களையண்டித் தென்னை நின்றது. உட்புறம் பெரும்பாலும் காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்த்தான், ஐரோப்பியச் சந்தையிலே தேங்காயெண்ணெய்க்கு விலை ஏறியதைத் தொடர்ந்து, காடு வெட்டித் தென்னை வைக்கும் வேகம் மிகுந்தது. மலைநாட்டுக் கோப்பியும் தேயிலையும் பெரும்பாலும் ஐரோப்பியர் கையில் இருக்க, தென்னையில் முதலிட்டோர் பெரும்பாலும் உள்நாட்டவரே. இன்றுவரை தென்னங்காணிகளுள் மிகப் பெரும்பகுதி சிறு உடைமையாளரிடமே இருந்து வருகின்றது. இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னால் வரும் செய்திகளுக்கு இது திறவுகோல்.

இலுக்கு வெயிலை உண்டு வாழும் புல். அடர்ந்த காட்டின் நிழலிலே அதற்கு வாழ்வில்லை. காடு அழிந்ததும் வெளிச்சம் நிலத்தை எட்டியது. காற்றிலே பறக்கும் அதன் நுண்ணிய விதைகள் வந்து விழுந்தன. தென்னங்கன்று வளர்ந்து ஓலை விரித்து நிற்கும் இளம் பருவத்திலே நிழல் ஓரளவு மிகுதி, புல்லும் அடங்கியிருக்கும். ஆனால் மரம் இருபது, இருபத்தைந்து வயதைக் கடந்து உயர்ந்தபின், அதன் முடி வானத்தருகே சென்றுவிடுகின்றது; மரத்துக்கு மரம் விட்ட இடைவெளியில் வெயில் தாராளமாக இறங்குகின்றது. அதாவது, தென்னை நன்றாகக் காய்க்கத் தொடங்கும் காலமும் இலுக்குத் தலையெடுக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அறுபது ஆண்டுகள் வாழும் மரத்தின் கீழே, நாற்பது ஆண்டுகள் இப்புல்லுக்கு இடமுண்டு.

மேலே காணப்படும் இலை, இலுக்கின் உடம்பிற் சிறுபகுதிதான். பெரும்பகுதி மண்ணுக்குள்ளே மறைந்திருக்கின்றது. வெண்ணிறமான, கணுக்களோடு கூடிய, செதில் போர்த்த தண்டுகள் நிலத்தடியிலே வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இவற்றை வேர் என்று மக்கள் சொன்னாலும், உண்மையில் இவை கிடையாக வளரும் தண்டுகளே. ஆதலால் வேர்த்தண்டு என்பர். பெரும்பாலானவை மேல்மண்ணின் ஓரடி ஆழத்துக்குள் அடங்கும். சில அதனினும் ஆழமாகச் செல்லும். நுனி ஊசிபோலக் கூரியது. கிழங்குகளையும் பிற செடிகளின் வேர்களையும் துளைத்துக்கொண்டு போகவல்லது. ஒவ்வொரு கணுவிலும் உறங்கும் அரும்பு ஒன்று உண்டு. தண்டின் நுனியோ மேலேயுள்ள இலையோ உயிரோடு இருக்கும்வரை அவ்வரும்புகளிற் பல விழிப்பதில்லை. தண்டு துண்டானால், துண்டு ஒவ்வொன்றும் தனிக் குடும்பமாகி முளைக்கும்.

இந்த நிலவறைக்குள்ளே புல் தன் உணவைச் சேமித்து வைக்கின்றது. இலை வெயிலில் சமைத்த மாச்சத்து இறங்கிக் கீழே செல்கின்றது. கோடையிலே இலை கருகினாலும், மாடு மேய்ந்தாலும், கத்தி வெட்டினாலும், தீ எரித்தாலும், அச்சேமிப்பிலிருந்து புதிய இலை எழுகின்றது. தீ குறிப்பாக அதற்கு நண்பன். தீ மேலே ஓடும். வேர்த்தண்டு மண்ணுக்குள் குளிர்ச்சியாக இருக்கும். போட்டியிட வந்த பிற செடிகளெல்லாம் எரிந்தொழிய, பத்து நாட்களிலே இலுக்கு மாத்திரம் பச்சையாகத் தலைநீட்டும். காணியைத் துப்புரவு செய்ய நெருப்பு வைத்தவன், உண்மையிலே இலுக்குக்காகவே துப்புரவு செய்தவனானான்.

புத்தளத்துப் பக்கம் மழை குறைவு. ஐப்பசி முதல் மார்கழி வரையும், பின்னர்ச் சித்திரையையொட்டியும் பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். இடையிலே நீண்ட வறட்சி. மண்ணோ மணற்பாங்கானது அல்லது சரளைக் கல் கலந்தது. தென்னையின் உணவு வேர்களும் மேல்மண்ணிலேயே, மரத்தைச் சுற்றிச் சில அடி தூரத்திலே செறிந்திருக்கின்றன. இலுக்கின் வலையும் அதே மேல்மண்ணில். இருவர் ஒரே குடத்தில் நீர் குடிப்பது போன்ற நிலை. வறட்சியிலே அந்தக் குடத்தை முதலிற் காலி செய்வது புல். அதன் விளைவு உடனே தெரிவதில்லை; பாளை விரிந்து காய் முற்றுவதற்கு ஓராண்டு வேண்டும் ஆதலால், இவ்வாண்டு புல் குடித்த நீர் அடுத்த ஆண்டின் காயிலே குறையும். பசளை போட்டாலும் அதே கதைதான். இவற்றுக்கு மேலே, விழுந்த தேங்காய் புல்லுக்குள் மறைந்து போவதும், பாம்புக்கஞ்சி ஆட்கள் உள்ளே இறங்கத் தயங்குவதும், சாலையோரத்தில் எறிந்த ஒரு தீக்குச்சியால் இளங்கன்றுகள் கருகுவதும் உண்டு. வேறு பகுதிகளிலே இலுக்கைக் கூரை வேயவாவது அறுப்பார்கள். கிடுகு மலிந்த இக்கரையிலே அதற்கு அந்த உபயோகமும் பெரிதாக இல்லை.

தொடக்கத்தில் இருந்தவை கத்தியும் மண்வெட்டியும். கத்தியால் வெட்டினால் ஒரு கிழமைக்குக் காணி அழகாக இருக்கும். மண்வெட்டியாலும் அலவாங்காலும் தோண்டி, வேர்த்தண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெயிலிற் காயவிட்டு எரித்தால் பயன் நிச்சயம். ஆனால் ஓர் ஏக்கரை அவ்வாறு தோண்டி முடிக்க எத்தனை ஆள், எத்தனை நாள்! கூலி மலிந்த காலத்துப் பெருந்தோட்டக்காரர் அதனைச் செய்வித்தனர். தென்னையின் வேரும் அதனோடு அறுபட்டது வேறு விடயம். பின்னர் உழவு இயந்திரம் வந்தது. சட்டிக் கலப்பை வேர்த்தண்டை நறுக்கிப் போட்டது. கோடை தொடர்ந்து காய்ந்தால் நறுக்கிய துண்டுகள் வாடி மடிந்தன. உழுத மறுநாள் மழை பெய்துவிட்டாலோ, ஒன்று நூறாகி முளைத்தது. பயிரிட்டவனே விதைத்தவனுமானான்.

வெட்டுதல் என்னும் வேலை எல்லாக் களைக்கும் ஒரே பயனைத் தராது என்பதற்கு இலங்கையிலேயே இன்னொரு சான்றுண்டு. 1939ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் மிதக்கும் நீர்ப்பன்னம், தப்பி வெளியேறி, 1950களின் நடுப்பகுதிக்குள் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களிற் பரவியது. அதனை உடைத்தால் உடைந்த துண்டெல்லாம் புதிய செடி. அதற்குக் கத்தி உரமே ஆயிற்று. 1986இல் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பின்னரே அது அடங்கியது. இலுக்குக்கு அப்படியொரு வண்டு வாய்க்கவில்லை.

இக்கரையின் நல்வினை, தென்னையைப் பற்றி ஆராயும் கழகம் இங்கேயே அமைந்தது. 1929ஆம் ஆண்டில் தென்னை ஆராய்ச்சித் திட்டம் நிறுவப்பட்டு, லுணுவிலவையடுத்த பண்டிரிப்புவ தோட்டத்திலே நிலைகொண்டது. 1950களின் தொடக்கத்தில் அதுவே தென்னை ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அதன் தொடக்ககாலப் பணிப்பாளரான றெஜினால்ட் சைல்ட் என்பார் பின்னர் 1964இல் தென்னையைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. மாதம்பையை அடுத்த ரத்மலகரவிலும் நிறுவனத்துக்கு ஆராய்ச்சித் தோட்டம் உண்டு. மண், பசளை, விதைத் தெரிவு, பூச்சி என்று பல துறைகளிலே அங்கு வேலை நடந்தபோதிலும், மரத்தின் அடியில் என்ன வளரவேண்டும் என்னும் கேள்வி அங்கு ஒருநாளும் ஓய்ந்ததில்லை.

அக்காலத்தார் கண்ட வழிகளுள் சிறந்தது நிழல். பியுறேரியா, சென்ட்ரோசீமா முதலிய அவரையினக் கொடிகளை விதைத்து நிலத்தைப் போர்த்தினால், இலுக்கு வெயிலின்றி மெலியும். கொடி மண்ணுக்கு நைதரசனையும் சேர்க்கும். இறப்பர்த் தோட்டங்களிலே இது பெரும் வெற்றி. ஆனால் தென்னையின் வறண்ட காணிகளில் கொடியும் நீருக்குப் போட்டியாகிக் கோடையிற் காய்ந்தது. ஊர் மாடுகளும் அதனை விட்டுவைக்கவில்லை. அன்றியும், நன்றாக வேரூன்றிய இலுக்கின் மேல் கொடியை விதைத்தால், கொடி எழும்புவதற்கு முன்னரே புல் அதனை அமுக்கிவிடும். முதலில் புல்லைத் தாழ்த்தியாக வேண்டும். தாழ்த்துவது எவ்வாறு என்பதே மீண்டும் வினா.

நஞ்சின் காலம் இங்கே தொடங்குகின்றது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் சோடியம் ஆசனைற்று என்னும் நச்சுப் பொருளைத் தெளித்துப் பார்த்தனர்; புல்லோடு மாடும் மடிந்தது. சோடியம் குளோரேற்றைத் தெளித்த புல் காய்ந்து வெடிமருந்து போலத் தீப்பற்றியது. 1950களில் தலப்போன் என்னும் களைகொல்லி வந்தது. அது புல்லுக்குள் நுழைந்து ஓரளவு கீழேயும் சென்றது. ஆனால் பலமுறை தெளிக்க வேண்டியிருந்ததால் செலவு மிகுந்தது. 1962இல் பரக்குவாற்று விற்பனைக்கு வந்தபோது, தெளித்த சில மணி நேரத்திலேயே இலை வெந்து போவதைக் கண்டு எல்லோரும் வியந்தனர். ஆனால் அது தொட்ட இடத்தை மட்டுமே சுட்டது. வேர்த்தண்டு வரை இறங்கவில்லை. ஆகவே இலுக்கைப் பொறுத்தவரை அது புட்டியில் அடைத்த கத்தியே. மூன்று கிழமையில் புல் மீண்டும் எழுந்தது. அந்த மருந்தோ இலங்கைக் கிராமங்களில் எண்ணற்ற உயிர்களை வாங்கியது. 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஆபத்தான நஞ்சுகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு வந்த வரிசையிலே, பரக்குவாற்றும் 2008 முதல் 2011 வரையான காலத்திற் படிப்படியாக நீக்கப்பட்டது.

இங்கே ஒருகணம் கடல் கடந்து செல்லல் வேண்டும். ஸ்கொத்லாந்து, வேல்ஸ் முதலிய நாடுகளின் மலைச்சாரல்களை பிரேக்கன் என்னும் ஒருவகைப் பன்னம் மூடிக்கிடக்கின்றது. அதன் இனத்தது இலங்கையின் மலைநாட்டுப் பத்தனைகளிலும் உண்டு. செம்மறி மேய்ப்போருக்கு அது, தென்னைக்காரருக்கு இலுக்கைப் போன்றது. அதற்கும் நிலத்தடியிலே தடித்த வேர்த்தண்டும் சேமிப்பும் உள. ஆண்டுக்கு இருமுறை தவறாது வெட்டி, பல ஆண்டுகள் தொடர்ந்தால், சேமிப்பு வற்றி அது மெலியும் என்று அங்குள்ளோர் கண்டனர். 1970களிலிருந்து அசுலம் என்னும் களைகொல்லியையும் தெளித்தனர். தனித் தெளிப்பு முதலாண்டில் மலையையே வெறுமையாக்கும். ஆனால் எஞ்சிய அரும்புகளிலிருந்து சில ஆண்டுகளிற் பன்னம் திரும்பும். வெட்டும் மருந்தும் முறைப்படி இணைந்து, பின்தொடர்ந்த கவனிப்பும் இருந்த இடங்களிலேயே நிலைத்த பயன் கிட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் அசுலத்துக்கு அனுமதி மறுத்தபின், பிரித்தானியா ஆண்டுதோறும் அவசர அனுமதி கொடுத்து வந்தது. 2023ஆம் ஆண்டுடன் அதுவும் நின்றது. அமெரிக்காவிலோ, 1912ஆம் ஆண்டளவில் யப்பானிலிருந்து வந்த தோடம்பழக் கன்றுப் பெட்டிகளிலே அடைபொருளாக இருந்த இலுக்கே அலபாமா மாநிலத்திற் கரையேறி, இன்று தென் மாநிலங்கள் பலவற்றில் பரவியிருக்கின்றது. அங்கும் வெட்டியோ உழுதோ எரித்தோ பின்னரே மருந்து தெளிக்கின்றனர்.

கத்தியும் மருந்தும் இணைவதன் உட்பொருளை விளக்குதல் அவசியம். ஏனெனில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டபடி செய்தால் பயன் இரட்டிப்பதில்லை, இரண்டும் கெடும். 1970இல் களைகொல்லியாக இனங்காணப்பட்டு 1974இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேற்று, பரக்குவாற்றைப் போன்று இலையைச் சுடுவதில்லை. இலையால் உறிஞ்சப்பட்டு, இலை சமைத்த சர்க்கரையோடு கூடவே பயணஞ் செய்து, சர்க்கரை எங்கே செல்கின்றதோ அங்கே செல்லும். செடி தன் புரதத்துக்கு வேண்டிய சில பொருள்களை ஆக்கும் ஒரு நொதியத்தை அது தடுக்கின்றது. செடி மெல்ல மெல்லப் பட்டினியால் மாள்கின்றது. வேர்த்தண்டை அடையும் வழி இதுவரை மூடியிருந்த வாயில். அதனைத் திறந்தது இம்மருந்து.

ஆனால் முற்றிய இலுக்கின் இலை மருந்தை நன்றாக ஏற்பதில்லை. பாதி காய்ந்த சருகு; சர்க்கரை ஓட்டமும் குன்றியது; இடுப்பளவு புதரை நனைக்க மருந்தும் மிகுதியாக வேண்டும். எனவே முதலில் வெட்டு. வெட்டியதும், புல் தன் சேமிப்பைச் செலவழித்து இளந்தளிர் விடுகின்றது; உறங்கிய அரும்புகளும் விழிக்கின்றன. அதாவது கத்தி புல்லைக் கொல்வதற்கு அன்று, ஒளிந்திருந்ததை மேலே அழைப்பதற்கு. தளிர் எழுந்த முதல் நாட்களில் சர்க்கரை கீழிருந்து மேலே வருகின்றது. அப்போது தெளித்தால் மருந்து இறங்காது, அவசரக்காரன் ஏமாறுவான். நான்கு முதல் ஆறு கிழமை சென்று, ஓரடி, ஒன்றரை அடி உயரத்துக்குப் பச்சை இலை விரிந்தபின், ஓட்டம் திரும்பி மேலிருந்து கீழே செல்லத் தொடங்கும். அதுவே தெளிக்கும் வேளை. மழை ஓய்ந்த, ஆனால் மண் ஈரம் உலராத நாட்கள் வேண்டும். வறட்சியில் வாடி நிற்கும் புல் மருந்தைக் கீழே அனுப்பாது. இக்கரையிலே மாரிமழை ஓயும் தறுவாய் இதற்கு உகந்தது. சில மாதங்களின் பின் ஆங்காங்கே தலைகாட்டும் மிச்சத்துக்கு மறுமுறை தெளிக்க வேண்டும். அதன்பின் கொடியையோ, சீமைக்கிளுவையையோ, ஊடுபயிரையோ வைத்து நிழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இலுக்கு மீளல் அரிது. முன்பு தோற்ற கொடி இப்போது வென்றது. முன்பு தோற்ற கத்தியும் இப்போது பயனுடையதாயிற்று. தனித்தனியே தோற்ற கருவிகள் முறையறிந்து சேர்ந்ததே இக்கதையின் நடுப்பகுதி.

அதன் அடுத்த பகுதி தோட்டத்தில் எழுதப்படவில்லை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலே, நீரிழிவோ இரத்த அழுத்தமோ காரணமாகாத ஒரு சிறுநீரக நோய் கமக்காரர் பலரை வாட்டி வருவது கண்டறியப்பட்டது. 2014இல் இலங்கை ஆய்வாளர் சிலர், வன்னீரும் அதிலுள்ள உலோகங்களும் கிளைபோசேற்றும் சேர்ந்து இந்நோயை விளைக்கலாம் என்று ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கருதுகோள் முடிந்த முடிபன்று. இன்றளவும் இந்நோய்க்குத் தனியொரு காரணம் நிறுவப்படவில்லை. 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், மனிதரில் இம்மருந்து புற்றுநோயை விளைக்கக்கூடும் என்ற வகுப்பிலே இதனைச் சேர்த்தது. அவ்வாண்டு சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அரசாங்கம் கிளைபோசேற்றின் இறக்குமதியை நாடு முழுவதும் தடைசெய்தது.

நோயால் வாடும் மக்களின் துயரை முன்னிறுத்திப் பார்த்தால் அத்தடையின் நோக்கத்தைக் குறைகூறல் ஆகாது. ஆனால் நெல்வயலுக்காக எழுந்த ஆணை, நெல்லே விளையாத மேட்டுநிலத் தென்னைக்கும் பொருந்தியது. இணைந்திருந்த இரண்டில் ஒன்று நீங்கியது. கத்தி மீண்டும் தனித்து நின்றது. இதற்கிடையில் கூலியாட்களோ முன்போல் இல்லை. நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் தொழிற்சாலைகளை நாடிச் சென்றோர், வெளிநாடு சென்றோர், இறாற் பண்ணைகளிற் சேர்ந்தோர் எனக் கிராமத்துக் கைகள் கலைந்துவிட்டன. பெருந்தோட்டம் உழவு இயந்திரத்தில் புல்வெட்டியைப் பூட்டி ஓட்டியது. மூன்று ஏக்கர் காணிக்காரன் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஆள்பிடித்து வெட்டினான். இயலாதவன் நெருப்பு வைத்தான். நெருப்பு யாருக்கு நண்பன் என்பது மேலே கூறப்பட்டது.

தடை வந்தால் கடல் வழி திறப்பது இக்கரையின் பழைய வழக்கு. கற்பிட்டிக் குடாநாட்டை அண்டிய கடலிலே, இந்தியாவிலிருந்து கள்ளமாகக் கொண்டுவரப்பட்ட பீடைகொல்லிகளையும் களைகொல்லிகளையும் கடற்படையினர் கைப்பற்றிய செய்திகள் வெளிவந்தன. இவ்வாறு வந்த புட்டிகளில் உள்ளே இருப்பது யாது, எவ்வளவு கலப்பது என்று சொல்வாரில்லை. பெயர்ச்சீட்டுள்ள மருந்தின் ஆபத்தை அஞ்சி விதித்த தடை, பெயர்ச்சீட்டே இல்லாத மருந்தைச் சிலர் கையிற் கொடுத்தது.

2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. ஏற்றுமதித் தோட்டங்களின் குரல் கொழும்பில் கேட்டது. சிதறிக்கிடந்த சிறு தென்னங்காணிக்காரரின் குரல் அத்துணை தூரம் எட்டவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளோடு பீடைகொல்லிகள் அனைத்தின் இறக்குமதியும் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தப்பட்டு, விளைச்சல் வீழ்ந்ததன் பின் நவம்பரில் அது கைவிடப்பட்டது. 2022 ஓகத்தில் கிளைபோசேற்றின் மீதான தடையும் நீங்கியது. அப்போது நாடு அந்நியச் செலாவணியின்றி வாடிக்கொண்டிருந்தது. மருந்து சட்டப்படி கிடைக்கலாயிற்று. ஆனால் முன்னைய விலையில் அன்று.

விலையேற்றம் எதிர்பாராத ஒரு நன்மையையும் செய்திருக்கின்றது எனலாம். மருந்து மலிந்திருந்த காலத்திலே, கத்தியைக் கைவிட்டு, முற்றிய புதரின் மேலேயே மருந்தை வாரியிறைத்த தோட்டங்கள் பல. வெட்டுக்கூலி மிச்சம் என்ற எண்ணம். மருந்துச் செலவு இரண்டு மடங்கு, பயன் அரைவாசி. இளந்தளிருக்கு வேண்டும் மருந்து முதிர்ந்த புதருக்கு வேண்டுவதிலும் குறைவு. ஆதலால், வாங்கியதைச் சிக்கனமாகச் செலவிட விரும்புவோர் முதலில் வெட்டிப் பின்னர்த் தெளிக்கும் பழைய முறைக்கே திரும்ப வேண்டியவராகின்றனர். நீரோடைக்கும் கிணற்றுக்கும் அருகே தெளியாமை, காற்று வீசும்போது தெளியாமை, இளந்தென்னையின் ஓலையிற் படாதவாறு தெளிகருவியின் வாயைத் தாழ்த்திப் பிடித்தல், கைக்கும் முகத்துக்கும் காப்பு அணிதல் ஆகியன அம்முறையோடு பிரிக்க முடியாதவை.

தெளித்தபின் செய்யவேண்டியது ஒன்றுதான். அதுவே பலருக்கு அரிதாக இருக்கின்றது. பத்து நாட்களில் இலை மஞ்சளிக்கும். காணி அலங்கோலமாகத் தோன்றும். உடனே கத்தியை எடுத்துத் துப்புரவாக்கக் கை துடிக்கும். மருந்து அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றது. இலையை வெட்டினால் பாதி வழியிலே பாதை அறுந்துபோகும். மூன்று நான்கு கிழமைகளுக்கு அந்த நிலத்திலே கத்தி வைக்கலாகாது.